நடுவரை அனுப்புவது யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

ஓட்டப் பந்தயத்தில் யார் முதல் என்று கடிகாரமே சொல்லிவிடும். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் அந்த வசதி கிடையாது. காற்றில் மூன்று சுற்றுச் சுற்றி ஒற்றைக் காலில் இறங்கினாரே, அது சுத்தமாக இருந்ததா, இசையோடு ஒட்டி வந்ததா என்பதைப் பனித்தளத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் நடுவர்கள்தான் சொல்ல வேண்டும். கண் சில நேரம் தவறும். அதில் எனக்குப் பெரிய புகார் இல்லை. நடுவரை அந்த நாற்காலிக்கு அனுப்பி வைப்பது யார் என்பதில்தான் எனக்குப் புகார்.

இது நேற்று முளைத்த சிக்கல் அல்ல. 1927-இல் ஆஸ்லோவில் பெண்கள் உலகப் போட்டி நடந்தது. ஐந்து நடுவர்களில் மூன்று பேர் நார்வேக்காரர்கள். மூவரும் தங்கள் ஊர்ச் சிறுமி, 14 வயது சோனியா ஹெனிக்கு முதலிடம் கொடுத்தார்கள். ஆஸ்திரிய நடுவரும் ஜெர்மானிய நடுவரும் நடப்புச் சாம்பியன் ஹெர்மா சாபோவுக்குக் கொடுத்தார்கள். மூன்றுக்கு இரண்டு, முடிந்தது கதை. இந்தக் கூத்துக்குப் பிறகுதான் ஒரு நாட்டுக்கு ஒரு நடுவர் என்ற விதி வந்தது. சோனியா அதிலிருந்து தொடர்ந்து பத்து ஆண்டுகள் உலகப் பட்டம் வென்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். திறமையில் குறை வைக்க முடியாத ஆட்டக்காரி அவர்.

சரி, நாட்டுக்கு ஒருவர் என்று ஆக்கியாயிற்று. அவர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டால்? 2002, சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக், ஜோடிப் பிரிவு. ரஷ்யாவின் சிகருலிட்சே ஒரு தாவலில் இறங்கும்போது தடுமாறினார். கனடாவின் ஜேமி சாலே, டேவிட் பெல்லட்டியே ஜோடி பளிச்சென்று ஒரு தவறும் இல்லாமல் முடித்தது. அரங்கமே எழுந்து நின்றது. தங்கம் ரஷ்யாவுக்குப் போனது. ஐந்துக்கு நான்கு.

அப்போது நடுவர்கள் அதிகபட்சம் 6.0 வரை எண் போடும் முறை. நடுவர் போடும் எண் வெறும் வரிசையைக் காட்டத்தான்; எத்தனை பேர் முதலிடம் தந்தார்கள் என்பதே தீர்ப்பு. அதனால் ஒரே ஒரு நடுவரை வளைத்தால் தங்கமே கை மாறிவிடும். பிரான்ஸ் நடுவர் மரி-ரேன் லெ கூன், தன் நாட்டு ஸ்கேட்டிங் சம்மேளனத் தலைவர் தந்த நெருக்கடியில்தான் ரஷ்யாவுக்கு வாக்களித்தேன் என்று சொன்னதாகச் செய்தி வெளிவந்தது. கைமாறாகப் பிரான்சின் ஐஸ் டான்ஸ் ஜோடிக்கு ரஷ்ய ஆதரவு என்று பேச்சு. பிறகு அவர் அதை மறுத்தார், தலைவரும் மறுத்தார். இருவருக்கும் மூன்று ஆண்டுத் தடை. கனடா ஜோடிக்கும் தங்கம் கொடுத்து விவகாரத்தை மூடினார்கள்.

அப்புறம் வந்தது இப்போதைய புள்ளி முறை. ஒவ்வொரு தாவலுக்கும் சுழற்சிக்கும் அடிப்படை மதிப்பு உண்டு. என்ன செய்தார் என்பதைத் தொழில்நுட்பக் குழு ஒன்று வீடியோவைத் திரும்ப ஓட்டிப் பார்த்து முடிவு செய்யும். எவ்வளவு நன்றாகச் செய்தார் என்பதற்கு நடுவர்கள் கூட்டியோ குறைத்தோ போடுவார்கள்; கலைநயத்துக்குத் தனியாகவும் புள்ளி தருவார்கள். எல்லாவற்றிலும் அதிகமான எண்ணையும் குறைவான எண்ணையும் தள்ளிவிட்டுச் சராசரி எடுப்பார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பழைய முறையைவிட இது மேல் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கணக்கைச் சற்று உற்றுப் பாருங்கள். ஒருவர் தன் நாட்டு ஆளுக்கு அள்ளிப் போடுகிறார், அது தள்ளப்படுகிறது. ஆனால் அவர் இல்லாவிட்டால் தள்ளப்பட்டிருக்க வேண்டிய அடுத்த உயர்ந்த எண் இப்போது சராசரிக்குள் தங்கிவிடுகிறது. கொஞ்சம்தான். கொஞ்சத்தில்தானே பதக்கம் மாறுகிறது!

இதைவிடப் பெரிய கோளாறு, எந்த எண் எந்த நடுவருடையது என்பதை மறைத்தது. யார் எந்த எண் போட்டார் என்று தெரியாவிட்டால் சம்மேளனம் மிரட்ட முடியாது என்றார்கள். மிரட்டல் நின்றதோ இல்லையோ, பார்க்கிற நமக்குக் கண்ணைக் கட்டிவிட்டார்கள். 2014 சோச்சி ஒலிம்பிக் பெண்கள் பிரிவில் ரஷ்யாவின் சோட்னிகோவா 224.59, கொரியாவின் யூனா கிம் 219.11. இறுதிச் சுற்றில் சோட்னிகோவா ஏழு மும்மைத் தாவல்கள் (காற்றில் மூன்று சுற்று) போட்டார், கிம் ஆறு. அந்த அளவில் அவர் முந்தியதற்கு நியாயம் உண்டு. கலைநயப் புள்ளிகளிலும் கிம்மை நெருங்கிவிட்டார் என்பதுதான் எனக்குச் செரிக்கவில்லை. இறுதிச் சுற்று நடுவர்களில் ஒருவர் ரஷ்யச் சம்மேளனத்தின் முன்னாள் தலைவருடைய மனைவி. இன்னொருவர் 1998 நாகானோ ஒலிம்பிக்கில் வரிசையை முன்கூட்டியே பேசி வைத்த விவகாரத்தில் ஓராண்டுத் தடை வாங்கிய உக்ரைன்காரர். அவர்கள் என்ன போட்டார்கள் என்பது பெயரோடு வெளிவரவே இல்லை. யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது, யாரையும் விடுவிக்கவும் முடியாது.

2016-இல் அந்தத் திரையை எடுத்தார்கள். பலன் உடனே தெரிந்தது: 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் சொந்த நாட்டு வீரர்களுக்குச் சாய்ந்து போட்டதற்காகச் சீன நடுவர்கள் இருவருக்குத் தடை.

ஆனாலும் நடுவர்கள் இன்றும் அவரவர் நாட்டுச் சம்மேளனத்தின் ஆட்களாகத்தான் வருகிறார்கள். பங்காளிச் சண்டைக்குப் பங்காளிகளையே பஞ்சாயத்தில் உட்கார வைக்கிற ஏற்பாடு இது. சர்வதேச ஸ்கேட்டிங் சங்கமே நடுவர்களைத் தேர்ந்தெடுத்துச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், அவர்களுடைய அடுத்த வாய்ப்பு எந்தச் சம்மேளனத்தின் கையிலும் இருக்கக் கூடாது என்பது என் கருத்து. செலவாகும்தான்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. போட்டி முடிந்ததும் ஒவ்வொரு நடுவரும் போட்ட எண்களைச் சங்கம் இணையத்தில் வெளியிடுகிறது. நடுவர் பட்டியலில் நாடும் இருக்கும். முதல் மூன்று பேருக்கு யார் எவ்வளவு போட்டார், பக்கத்து நாற்காலிக்காரர் எவ்வளவு போட்டார் என்று ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். நன்றி, வணக்கம்.