கதவுக் கீலும் மத்தி மீனும்

நேயர்களுக்கு வணக்கம்.

நுரையீரல் அழற்சிக்கு மீன் எண்ணெய் உதவுமா என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். அழற்சி என்றதும் மிரள வேண்டாம். முள் குத்தின இடம் சிவந்து, வீங்கி, சுடுகிறதே, அதுதான். மூச்சுக்குழலுக்குள் அந்த வீக்கம் வந்தால் வழி குறுகும். காற்று விசிலடித்துக்கொண்டு போகும். இழுப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தோம், இப்போது வீசிங் என்றால்தான் எல்லாருக்கும் புரிகிறது.

நான் நெஞ்சு நோய் மருத்துவராக இருந்த காலத்தில் வாடிப்பட்டிப் பக்கமிருந்து ஒருவர் வருவார். அரிசி ஆலையில் வேலை, முப்பது வருஷம் தவிட்டுத் தூசியில். ஒரு மார்கழி விடிகாலையில் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். மூன்று சொல்லுக்கு ஒரு மூச்சு. மருந்து கொடுத்து இரைப்பு அடங்கினதும், "இன்ஹேலர் எங்கய்யா?" என்றேன். துண்டு முடிச்சை அவிழ்த்து மேஜையில் ஒரு டப்பாவை வைத்தார். மச்சினன் சவூதியிலிருந்து கொண்டுவந்த மீன் எண்ணெய் மாத்திரை. கோலிக்குண்டு மாதிரி மஞ்சளாக மின்னியது. இன்ஹேலரை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது.

"ஏன்யா இப்படிப் பண்ணுனீங்க?"

"கதவுக் கீல் கிறீச்சுன்னு கத்துனா எண்ணெய்தான விடுறோம், டாக்டரய்யா. நெஞ்சும் அப்பிடித்தான கத்துது?"

சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அன்றிலிருந்து இந்தக் கீல் கதையை நான் சொல்லாத இடமில்லை. விழுங்கின எண்ணெய் மூச்சுக்குழலுக்குப் போவதில்லை. வயிற்றுக்குப் போகிறது, செரித்து ரத்தத்தில் சேர்கிறது, சில வாரங்களில் நம் செல்களைச் சுற்றியிருக்கும் சவ்வில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியேறுகிறது. கீலுக்கு விடுகிற வேலையே இல்லை.

எண்ணெய் நேராக நுரையீரலுக்குள் போனால் என்ன ஆகும் தெரியுமா? அதுவே அழற்சியைக் கிளப்பும். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டி, மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுகிற வழக்கம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. அந்தச் சொட்டு நுரையீரலில் இறங்கி நிமோனியா ஆகியிருக்கிறது. என் அப்பத்தாவும் லேசுப்பட்டவர் இல்லை. என் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மீன் ஈரல் எண்ணெயைப் பாலாடையில் புகட்டுவார். நான் திமிறுவேன், இருமுவேன். அந்த நாற்றம் இப்போதும் தொண்டையில் நிற்கிறது. அப்பத்தா மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் தாய்மார்களே, மூக்கில் எண்ணெய் வேண்டாம். அழுகிற பிள்ளை வாயிலும் வேண்டாம்.

சரி, சவ்வில் குடியேறின எண்ணெய் என்ன செய்கிறது? சித்திரைத் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். அழகர் ஆற்றில் இறங்குகிறார், வைகைக்குள் கால் வைக்க இடமில்லை. அந்தக் கூட்டம் வரத்தான் வேண்டும். கிருமியோ புகையோ உள்ளே வந்தால் வெள்ளையணுக்கள் அப்படித்தான் திரளும். ஆனால் மறுநாள் கூட்டம் கலைய வேண்டும். அறுந்த செருப்பையும் பாலித்தீன் பையையும் தூய்மைப் பணியாளர்கள் வந்து அள்ள வேண்டும். அவர்கள் வராவிட்டால் ஆற்றங்கரை என்ன கதியாகும்? நாள்பட்ட அழற்சி அதுதான். முடியாத திருவிழா.

மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பிலிருந்து நம் உடம்பே ரிசால்வின் என்ற பொருள்களைச் செய்துகொள்கிறது. 2000-த்தை ஒட்டிய வருஷங்களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்ல்ஸ் செர்ஹான் என்ற விஞ்ஞானியின் குழுவினர் கண்டுபிடித்துப் பெயர் வைத்தது. புதுக் கூட்டம் வராமல் தடுப்பதும், குப்பை அள்ளும் அணுக்களைக் கூப்பிடுவதும் இவற்றின் வேலை. இன்ஹேலரில் இருக்கும் ஸ்டீராய்டு, கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் போலீஸ். மறுநாள் துடைப்பத்தோடு வருகிறவர்களை நம்பித் திருவிழா அன்று போலீஸை வீட்டுக்கு அனுப்பலாமா? வாடிப்பட்டிக்காரர் செய்தது அதைத்தான்.

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் எழுநூறுக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்குக் கடைசி மூன்று மாதம் தினமும் 2.4 கிராம் ஒமேகா-3 சேரும் அளவு மீன் எண்ணெய், மற்றவர்களுக்கு ஆலிவ் எண்ணெய் கொடுத்துப் பார்த்தார்கள். 2016-இல் முடிவு வெளிவந்தது. ஆலிவ் எண்ணெய்த் தாய்மாரின் பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 24 பேருக்கு இழுப்போ ஆஸ்துமாவோ வந்தது. மீன் எண்ணெய்ப் பக்கம் 17. ரத்தத்தில் இந்தக் கொழுப்பு முதலிலேயே குறைவாக இருந்த தாய்மாருக்குத்தான் பலன் அதிகம். இன்னொன்று: கடையில் விற்கிற சாதாரண மாத்திரை ஒன்றில் ஒமேகா-3 பெரும்பாலும் 300 மில்லிகிராம்தான். 2.4 கிராம் என்றால் எட்டு மாத்திரை. டாக்டரைக் கேட்காமல் யாரும் கணக்குப் போட்டு விழுங்கிவிடாதீர்கள்.

மறுபக்கமும் உண்டு. நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டு வெண்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு அமெரிக்காவில் ஒமேகா-3 கொடுத்துப் பார்த்தார்கள். 272 பேர் சேர்ந்த நிலையில் பலனில்லை என்று பாதியில் நிறுத்தினார்கள். 2011-இல் எழுதியும் விட்டார்கள். வீடு பற்றி எரியும்போது துடைப்பத்துக்கு வேலையில்லை.

ஆகவே, நேயர்களே, மாத்திரையை விட எனக்கு மதுரைக் கரிமேடு மீன் சந்தைதான் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆளுக்கு ஆள் வஞ்சிரத்தை விலை கேட்பார்கள். மத்தியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. விலை ஏற ஏற இந்த எண்ணெய் ஏறுவதில்லை. மத்தி, அயிலை இரண்டும் எண்ணெய் மீன்கள். 100 கிராம் மத்தியில் ஒரு கிராம் வரை ஒமேகா-3 கிடைக்கும். குழம்பு வையுங்கள். முறுக முறுகப் பொரித்தால் மீன் எண்ணெய் சட்டிக்குப் போகும், சட்டி எண்ணெய் மீனுக்கு வரும்.

மீன் சாப்பிடாதவர்களுக்கு என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி, ஒரு நிமிஷம்தான் என்று ஒரு விரல் காட்டுகிறார். ஆளிவிதையில் இருப்பதும் ஒமேகா-3தான், ஆனால் வேறு வகை. அதில் சிறு பங்கைத்தான் உடம்பு மீனில் இருக்கிற வகையாக மாற்றிக்கொள்ளும். சாப்பிடுவதென்றால் பொடித்துச் சாப்பிடுங்கள், முழுசாகப் போட்டால் முழுசாகவே வெளியே போய்விடும். வாடிப்பட்டிக்காரர்? மறுபடி இன்ஹேலர் பிடித்தார், ஆலைக்குத் துணி கட்டிக்கொண்டு போனார். டப்பாவை என்னிடமே விட்டுவிட்டார். வணக்கம்.