புல்தரையில் கோரை

நேயர்களுக்கு வணக்கம். ஐப்பசி மழை விட்டு நாலு நாள் வெயில் அடித்ததும் புதுச்சேரி லாஸ்பேட்டையிலோ கடலூர் மஞ்சக்குப்பத்திலோ வீட்டு முன் புல்தரையைப் பாருங்கள். போன வாரம் வெட்டிச் சமன் செய்த புல்லுக்கு மேலே, கரும்பச்சையில் பளபளவென்று சில தாள்கள் மட்டும் தலைநீட்டி நிற்கும். அது கோரை.

சந்தேகம் இருந்தால் பூந்தண்டைப் பிடித்து விரல்களுக்கு நடுவில் உருட்டுங்கள். அருகம்புல் வழுக்கிக்கொண்டு உருளும். கோரை முப்பட்டை, உருளாமல் இடறும். இலைகளும் மூன்று பக்கமாகவே பிரியும். பார்க்கப் புல் மாதிரி இருந்தாலும் இது புல் குடும்பமே இல்லை, அகன்ற இலைக் களையும் இல்லை. அதனால்தான் அகன்ற இலைக் களைக்கென்று விற்கும் மருந்தை அடித்தால் மேலே கருகும், அப்புறம் திரும்பவும் வரும்.

உயிர் இருப்பது கீழே. களைக்கொத்தால் மெல்லத் தோண்டினால், கம்பி போன்ற கரிய வேர்த்தண்டில் கிழங்குகள் வரிசையாகக் கோத்திருக்கும். ஒன்றை நறுக்கினால் உள்ளே வெள்ளை. குளியல் பொடியில் சேர்க்கும் கோரைக்கிழங்கின் அதே வாசனை. தாளை மட்டும் இழுத்தால் இந்தக் கோவை அறுந்து, அதுவரை தூங்கிக் கிடந்த கிழங்குகளும் முளைக்கும். ஒரு தடவை பிடுங்கிவிட்டு ஓய்ந்தால் கோரை கூடத்தான் செய்யும்.

ஆனால் விடாமல் பிடுங்கினால் கதை வேறு. முளைத்த செடி சில வாரங்களில் புதுக் கிழங்கு வைக்கத் தொடங்கிவிடும். அதற்குள், பத்து நாளைக்கு ஒருமுறை, ஈர மண்ணில் கிழங்கோடு எடுங்கள். எட்டாமல் தங்கிய கிழங்கும் முளைவிட்டு முளைவிட்டே சேமிப்பை இழக்கும். ஒரு பருவம் பொறுமை வேண்டும். எடுத்ததை எருக்குழியில் போடாதீர்கள்.

கோரைக்கு நிழல் ஆகாது. புல்லை ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் உயரமாக விட்டால் புல்லே அதை அமுக்கும். தினமும் தண்ணீர் விட்டு நசநசவென்று வைக்கவும் வேண்டாம். தரை முழுக்கப் பரவிவிட்டால் ஹாலோசல்ஃப்யூரான் என்ற மருந்து இருக்கிறது. கரும்பில் கோரைக்கு அடிப்பது. உங்கள் புல்வகைக்கு ஒத்துவருமா என்று வேளாண் அலுவலரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

புதிதாகப் புல் பதிக்கப் போகிறவர்களுக்கு முக்கியமாகச் சொல்கிறேன். கோரை பெரும்பாலும் வண்டி மண்ணிலும், மண்ணோடு வெட்டி விற்கும் புல்பத்தையிலும்தான் வீட்டுக்குள் வருகிறது. கொட்டிய மண்ணை நனைத்து இரண்டு மூன்று வாரம் சும்மா விடுங்கள். முளைப்பதை எல்லாம் எடுத்த பிறகு புல்லைப் பதியுங்கள். பத்தையையும் புரட்டி அடிப்பக்கம் பார்த்துத்தான் வாங்க வேண்டும். வணக்கம்.