அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன்: மாணவர்களுக்கு இணையப் பொறுப்பைக் கற்பித்தல்

[திரையில்: மாணவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்று. மேசைமீது தலைசாய்த்து உறங்கும் மாணவனின் படம் வந்து விழுகிறது. முகம் மங்கலாக்கப்பட்டுள்ளது.]

பாடவேளையில் உறங்கிவிட்ட மாணவன் ஒருவனை, பக்கத்தில் அமர்ந்திருப்பவன் கைபேசியில் படம் எடுக்கிறான்; கேலியாக ஒரு வரி சேர்த்து, வகுப்புத் தோழர்களின் குழுவில் போடுகிறான். சிரிப்புக் குறிகள் வரிசையாக வருகின்றன. எடுத்தவனைப் பொறுத்தவரை விளையாட்டு அத்துடன் முடிந்துவிட்டது. ஆனால் குழுவில் இருக்கும் ஒருவர் அந்தப் படத்தை வேறொரு குழுவுக்கு அனுப்புகிறார். அங்கே, உறங்குபவன் யாரென்றே தெரியாதவர்கள் கேலி வரியை இன்னும் கடுமையாக்கி மேலும் பரப்புகிறார்கள். மறுநாள் மனம் மாறி, அனைவருக்கும் நீக்கும் வசதியை அவன் பயன்படுத்தினாலும், தான் அனுப்பிய செய்தி மட்டுமே நீங்கும். பிறர் சேமித்து வைத்ததும், பிற குழுக்களுக்குப் போய்ச் சேர்ந்ததும் அவன் கைக்கு எட்டாது.

டிஜிட்டல் தொழில்நுட்பத்தைப் பொறுப்புடன் பயன்படுத்தக் கற்பிப்பது பற்றிப் பேச, இப்படியொரு சிறிய நிகழ்வே பொருத்தமான தொடக்கம். இதில் மோசடிக்காரர் எவரும் இல்லை. கணக்கை முடக்கும் திருடரும் இல்லை. பள்ளிகளில் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் விழிப்புணர்வுக் கூட்டங்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் ஆபத்துகளைப் பற்றியே எச்சரிக்கின்றன. மாணவர் பிறருக்கு இழைக்கக்கூடிய தீங்கைப் பற்றி அங்கே அதிகம் பேசப்படுவதில்லை. பேசப்பட்டாலும், செய்யக் கூடாதவற்றின் நீண்ட பட்டியலாக அது சுருங்கிவிடுகிறது. பட்டியலை மனப்பாடம் செய்த மாணவனும் அந்தப் படத்தை அனுப்புவான்; ஏனென்றால், விரல் பொத்தானைத் தொடும் நொடியில் அவனுக்குப் பட்டியல் நினைவுக்கு வராது.

[திரையில்: எதிரெதிரே அமர்ந்து பேசும் இருவர். ஒருவரின் உருவம் மெல்ல மறைந்து, அவ்விடத்தில் கைபேசித் திரை மட்டும் எஞ்சுகிறது.]

எதிரே இருப்பவரின் முகம் வாடுவதைக் கண்டதும் நம் பேச்சு தானாகவே அடங்குகிறது. திரையில் அந்த முகம் தெரிவதில்லை. நேரில் சொல்லத் துணியாதவற்றை இணையத்தில் மனிதர்கள் ஏன் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள் என்பதை ஆராய்ந்த உளவியலாளர் ஜான் சூலர், 2004இல் வெளியான தமது கட்டுரையில் அதற்கு ஆறு காரணிகளை முன்வைத்தார். பெயரை மறைத்துக்கொள்ள முடிவது அவற்றில் ஒன்று மட்டுமே. ஒருவரையொருவர் பார்க்க முடியாமை, எதிர்வினை உடனுக்குடன் வந்து சேராமை, கண்டிக்கும் அதிகாரம் அருகில் இல்லை என்ற உணர்வு ஆகியவையும் அவற்றில் அடங்கும். வகுப்புக் குழுவில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஆகவே, உண்மைப் பெயரைக் கட்டாயமாக்கினால் கேலி ஒழிந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு வலுவான அடிப்படை இல்லை. இதே கட்டுப்பாட்டுத் தளர்வுக்கு நல்ல பக்கமும் இருப்பதாக சூலர் குறிப்பிடுகிறார்: நேரில் வாய் திறக்காத கூச்ச சுபாவமுள்ள மாணவி, தன் துயரத்தை முதன்முதலாக எழுத்தில் வெளிப்படுத்துவதும் இதனால்தான்.

எனவே, கற்பிக்க வேண்டியது அந்த நொடியில் ஒரு சிறு நிறுத்தத்தை. படத்தில் இருப்பவரிடம் கேட்டாயிற்றா? அவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு இதை எல்லோருக்கும் காட்டுவேனா? நாளை திரும்பப் பெற நினைத்தால் முடியுமா? இந்தக் கேள்விகளைச் சுவரில் ஒட்டினால் போதாது. அறிவியல் ஆய்வகத்தில் குழுப்படம் எடுக்கும்போதும், மொழிப் பாடத்தில் நேர்காணலைப் பதிவு செய்யும்போதும், விளையாட்டு விழாவைக் காணொளியாக்கும்போதும் அவற்றைச் செயலில் நடத்திக் காட்ட வேண்டும். "உன் படத்தைப் போடலாமா?" என்று கேட்டு, "வேண்டாம்" என்ற பதிலை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்வதும் பயிற்சியால் வருவதே.

படத்தை எடுத்தவனைவிட, அதை மேலும் அனுப்பியவர்களிடமே கூடுதலாகப் பேச வேண்டியிருக்கிறது. நேரடித் துன்புறுத்தலில், தீங்கு திரும்பத் திரும்ப நடப்பதற்குத் துன்புறுத்துபவரே மீண்டும் மீண்டும் முயல வேண்டும். இணையத்தில் ஒரே ஒரு பதிவு போதும். பார்ப்பவர்களும் பகிர்பவர்களும் அதைத் திரும்ப நிகழ்த்திக்கொண்டே இருக்கிறார்கள். நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன் என்ற சமாதானத்தை வகுப்பில் எடுத்து விவாதிப்பதற்கு ஒரு முழுப் பாடவேளையையே ஒதுக்கலாம்.

[திரையில்: பெற்றோர் குழு ஒன்றில் பகிரப்பட்ட மதிப்பெண் பட்டியல். பெயர்கள் மறைக்கப்பட்டுள்ளன.]

இந்த இடத்தில் ஆசிரியர்களும் பள்ளி நிர்வாகமும் தங்கள் நடைமுறையைப் பார்த்துக்கொள்வது அவசியம். அனைவரின் மதிப்பெண்களையும் ஒரே பட்டியலாகப் பெற்றோர் குழுவில் போடுவதும், பிறந்தநாள் வாழ்த்து என்ற பெயரில் மாணவரின் முழுப்பெயர், பிறந்த தேதி, வகுப்பு, படம் ஆகியவற்றைப் பொதுப்பக்கத்தில் வெளியிடுவதும் பல இடங்களில் இயல்பாக நடக்கின்றன. தனித்தனியே பார்த்தால் இவை அற்பத் தகவல்கள். ஆனால் அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரை, பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றை மட்டும் கொண்டு தனித்து அடையாளம் காண வாய்ப்புள்ளது என்று கணினி அறிவியலாளர் லடான்யா ஸ்வீனி 2000இல் மதிப்பிட்டார். துண்டுத் தகவல்கள் ஒன்றுசேரும்போது ஆளைக் காட்டிக்கொடுக்கின்றன என்பதே இதன் பொருள். படக்கோப்பு ஒன்றில், எடுத்த நேரமும், இருப்பிட வசதி இயக்கத்தில் இருந்தால் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும்கூடப் பதிவாகியிருக்கும். பல சமூக ஊடகங்கள் பதிவேற்றும்போது இந்த விவரங்களை நீக்கிவிடுகின்றன என்றாலும், மூலக்கோப்பை அப்படியே மின்னஞ்சலில் அனுப்பினால் அவையும் உடன் செல்லும்.

குழந்தைகள் உரிமைகளுக்கான ஐ.நா. குழு, 2021இல் வெளியிட்ட 25ஆம் பொதுக் கருத்துரையில், குழந்தைகளின் உரிமைகள் டிஜிட்டல் சூழலிலும் மதிக்கப்பட்டுப் பாதுகாக்கப்பட வேண்டும் என்று வலியுறுத்தியது. மாணவரின் ஒப்புதலைக் கேட்காமல் அவரது படத்தை வெளியிடும் பள்ளி, பிறரின் ஒப்புதலைக் கேள் என்று அவருக்குப் பாடம் நடத்தினால், அந்தப் பாடத்தை அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

[திரையில்: ஒரே திரையில் இரண்டு இணையதளங்கள். இரண்டிலும் முறையான சின்னங்கள், மருத்துவர்களின் படங்கள்.]

அடுத்தது, கண்ணில் படும் தகவலை நம்புவது பற்றியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், வரலாற்றுப் பேராசிரியர்கள், தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள், இளநிலை மாணவர்கள் என 45 பேரிடம் சில இணையதளங்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். அவற்றுள் இரண்டு, ஒன்றுபோல் ஒலிக்கும் பெயர்களைக் கொண்ட குழந்தை மருத்துவ அமைப்புகளுடையவை. ஒன்று 1930இல் தொடங்கப்பட்ட, பல்லாயிரம் உறுப்பினர்களைக் கொண்ட அமைப்பு. மற்றது 2002இல் அதிலிருந்து பிரிந்துபோன மிகச் சிறிய குழு. நன்கு கற்ற பேராசிரியர்களிலும் மாணவர்களிலும் பலர், தளத்தை மேலிருந்து கீழாக ஊன்றிப் படித்து, சின்னத்தையும் அடிக்குறிப்புகளையும் வடிவமைப்பையும் பார்த்துத் தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்களோ சில நொடிகளிலேயே அந்தத் தளத்தை விட்டு வெளியேறி, புதிய சாளரங்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். குறைவாகப் படித்து, விரைவாகச் சரியான முடிவுக்கு வந்தார்கள்.

கவனமாகப் படி என்று சொல்லிச் சொல்லி வளர்த்த நமக்கு இது சற்று உறுத்தலான முடிவுதான். எனினும், ஒரு தளம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதை எவ்வளவு கவனமாகப் படித்தாலும் அதன் நம்பகத்தன்மை தெரியவராது. முகவரி .ஆர்க் (.org) என்று முடிவதை நம்பிக்கைக்கான அடையாளமாகச் சில வகுப்புகளில் இன்றும் கற்பிக்கிறார்கள்; உண்மையில் அந்த முகவரியை யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். இந்தப் பயிற்சிக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. ஒரு தளத்தைக் காட்டி, அதற்குள் எதையும் படிக்காமல், வெளியே தேடி மட்டும் அதை நடத்துபவர் யார், பணம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னால் போதும்.

தானியங்கிக் கணக்குகள்தாம் பொய்யைப் பரப்புகின்றன, நாம் என்ன செய்ய முடியும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரான பதிலைத் தருகிறது. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை அவர்கள் ஆராய்ந்தபோது, உண்மையைவிடப் பொய் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 விழுக்காடு கூடுதலாக இருந்தது. தானியங்கிக் கணக்குகளைக் கழித்துப் பார்த்தபோதும் இந்த வேறுபாடு நீடித்தது. புதுமையாகத் தோன்றுவதைப் பகிரும் மனித இயல்பே இதற்கு முக்கியக் காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினர்.

[திரையில்: உரையாடல் செயலி ஒன்றில் கட்டுரை வரிவரியாக உருவாகிறது.]

கேட்டதை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலியான சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வெளியான பிறகு, வீட்டுப்பாடத்தை யார் எழுதியது என்ற கேள்வி எல்லா ஆசிரியர்களையும் அலைக்கழிக்கிறது. இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை நாடுவதே பலருடைய முதல் எண்ணமாக இருக்கிறது. அது தவறான வழி என்பதே எங்கள் உறுதியான கருத்து. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படியொரு கருவியை வெளியிட்டது. நிறுவனத்தின் சொந்தச் சோதனையில், இயந்திரம் எழுதியவற்றில் 26 விழுக்காட்டை மட்டுமே அது சரியாக இனம் கண்டது. மனிதர் எழுதியவற்றில் 9 விழுக்காட்டை இயந்திரத்தின் எழுத்து என்று தவறாகக் குறித்தது. துல்லியம் குறைவு என்று கூறி, அதே ஆண்டு ஜூலையில் அதை விலக்கிக்கொண்டார்கள். அந்த ஆண்டில் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வொன்று ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காகத் தாங்களே எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை இயந்திரத்தின் எழுத்தாகக் குறிக்கப்பட்டன. எளிய சொற்களில் நேர்மையாக எழுதிய மாணவர் மீது இப்படிப் பழி விழுந்தால், அது பொய் என்று மெய்ப்பிக்க அவருக்கு எளிய வழி இல்லை.

மாறாக, எழுதிய வழியைக் காட்டச் சொல்லலாம். முதல் வரைவு, திருத்திய வரைவு, கட்டுரையைப் பற்றி நேரில் கேட்கும் ஓரிரு கேள்விகள், கடைசியில் மாணவரே எழுதும் ஒரு குறிப்பு ஆகியவை போதுமானவை. அந்தக் குறிப்பு இப்படி இருக்கலாம்: "தலைப்புகளைத் திட்டமிட உரையாடல் செயலியைப் பயன்படுத்தினேன், அது தந்த ஐந்தில் இரண்டை எடுத்துக்கொண்டேன், அது குறிப்பிட்ட நூல் ஒன்றை நூலகப் பட்டியலில் தேடியும் கிடைக்காததால் நீக்கிவிட்டேன்." இந்தக் கடைசி வரியில்தான் பாடமே இருக்கிறது. 2023இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்றில், இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அவர்களுள் ஒருவர் அந்தத் தீர்ப்புகளை சாட்ஜிபிடியிடம் பெற்றதோடு, அவை உண்மைதானா என்று அதனிடமே கேட்டு, உண்மை என்ற பதிலையும் வாங்கியிருந்தார். சாட்சி சொன்னவரிடமே சாட்சியத்தைச் சரிபார்த்த கதை இது. மேல்நிலை வகுப்புகளில் விவாதிக்க இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பிறர் படைப்பைப் பயன்படுத்துவது பற்றிய விதி சுருக்கமானது. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் ஒப்பந்தத்தில் இணைந்துள்ள நாடுகளில், படைப்பு உருவானதுமே பதிவு எதுவுமின்றிப் பதிப்புரிமை வந்துவிடும். ஆகவே, தேடலில் கிடைத்த படம் பொதுச்சொத்து ஆகிவிடாது. பிறர் பயன்படுத்தப் படைத்தவரே முன்கூட்டி அனுமதி தரும், 2002இலிருந்து கிடைக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் உள்ள படைப்புகளை, அந்தந்த உரிமம் விதிக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு எடுத்தாளலாம். படைத்தவர் பெயர், மூலம், உரிமத்தின் வகை ஆகியவற்றைப் படத்தின் கீழேயே எழுதப் பழக்க வேண்டும்.

[திரையில்: ஆசிரியரின் அறைக்கதவை ஒரு மாணவி தட்டுகிறாள்.]

இவ்வளவு கற்பித்த பிறகும் தவறுகள் நடக்கும். அப்போது மாணவர் ஒரு பெரியவரிடம் வந்து சொல்கிறாரா என்பதே முக்கியம். புகார் சொன்னால் முதலில் தன் கைபேசி பறிபோகும் என்று தெரிந்த மாணவி வாய் திறக்க மாட்டாள். எனவே, சொல்ல வந்தவரின் கருவியைப் பறிப்பதில்லை என்று பள்ளி முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும். மிரட்டலோ வசையோ என்றால், நீக்குவதற்கு முன்பு தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லலாம். சிறுவர்களின் அந்தரங்கப் படமாக இருந்தால் அதற்கு நேர்மாறாக நடக்க வேண்டும். ஆசிரியர் உட்பட யாரும் அதை நகலெடுக்கவோ, சான்றுக்காக என்று மேலும் அனுப்பவோ கூடாது. பல நாடுகளில் அதை வைத்திருப்பதே குற்றம். காணாமற்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான அமெரிக்கத் தேசிய மையம் நடத்தும் 'டேக் இட் டவுன்' சேவையில், படத்தைப் பதிவேற்றாமல், அந்தப் படத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளக் குறியீடான எண்வடிவக் கைரேகையை மட்டும் மாணவரின் கருவியிலேயே உருவாக்கி அனுப்பலாம். திட்டத்தில் இணைந்துள்ள தளங்கள் அதைக் கொண்டு தங்கள் பொதுவெளியில் தேடி நீக்குகின்றன. இச்சேவையின் முகவரியும், எந்த நேரத்திலும் அணுகக்கூடிய ஆசிரியர் ஒருவரின் பெயரும் கல்வியாண்டின் முதல் வாரத்திலேயே மாணவர்கள் கையில் இருக்க வேண்டும்.