20 பக்கம், 230 ரூபாய்: எந்த சூப்பர்ஹீரோ இதழை மாதாமாதம் வாங்கலாம்?

[திரையில்: இதழ் அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக]

வணக்கம். அமெரிக்காவில் ஒரு சூப்பர்ஹீரோ மாத இதழின் விலை இப்போது பெரும்பாலும் 3.99 அல்லது 4.99 டாலர். 4.99 என்றால் நம் மொரிஷியஸ் ரூபாயில் சுமார் 230. அந்தக் காசுக்கு ரோஸ் ஹில்லில் இரண்டு பேர் வயிறு நிறைய தால் பூரி சாப்பிட்டுவிட்டு அலூடாவும் குடித்துவிட்டு வரலாம். இதழில் கிடைப்பதோ விளம்பரம் போக 20 பக்கம், மிஞ்சினால் 22. கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பார்சல் செலவு வேறு. பல சமயம் அது புத்தக விலையையே தாண்டிவிடும்.

இங்கே கடையில் ஏன் கிடைப்பதில்லை? காரணம் எளியது. அமெரிக்காவில் காமிக்ஸ் கடைகள் வாங்கும் இதழ்கள் பெரும்பாலும் திருப்பித் தர முடியாதவை. விற்காவிட்டால் நஷ்டம் கடைக்காரருக்குத்தான். அதுவும் இதழ் வெளிவரச் சில வாரங்களுக்கு முன்பே, கதையைப் பார்க்காமலே, எத்தனை பிரதி வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். அங்கேயே இந்தக் கதை என்றால், போர்ட் லூயியில் யார் துணிந்து அடுக்கி வைப்பார்கள்? போதாததற்குப் பல காலம் விநியோகத்தை ஆண்ட டைமண்ட் நிறுவனம் 2025 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது.

நமக்கு வேறு வழிகளும் உண்டு. அமெரிக்காவின் இரண்டு பெரிய சூப்பர்ஹீரோ பதிப்பகங்கள் டிசியும் (பேட்மேன், சூப்பர்மேன்) மார்வெலும் (ஸ்பைடர்மேன்). பிரெஞ்சில் டிசி கதைகளை அர்பன் காமிக்ஸும் மார்வெல் கதைகளைப் பானினியும் தொகுப்பாகப் போடுகின்றன. ஐந்தாறு இதழ்கள் ஒரே ஆல்பத்தில் வந்துவிடும். மார்வெல் அன்லிமிடெட் செயலியில் மூன்று மாதம் பொறுத்தால் புது இதழ்களைப் படிக்கலாம். ஆகவே நான் ஒவ்வொரு இதழிடமும் கேட்பது ஒன்றுதான்: நான் ஏன் காத்திருக்கக் கூடாது?

இது தமிழ் வாசகருக்குப் புதிய கேள்வி இல்லை. 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது இரும்புக்கை மாயாவி ஒரே புத்தகத்தில் வந்து, மின்சாரத்தில் கை வைத்து, மறைந்து, எதிரியை முடித்துவிட்டுப் போனார். புத்தகத்தை மூடும்போது கதை முடிந்திருக்கும். தொடர்கதை என்றாலும் அந்த நிறைவில் பாதியாவது வேண்டும் என்பது என் கணக்கு.

[திரையில்: அல்டிமேட் ஸ்பைடர்மேன் முதல் இதழ், ஜனவரி 2024]

முதலில் அல்டிமேட் ஸ்பைடர்மேன். எழுத்து ஜோனதன் ஹிக்மன், ஓவியம் பெரும்பாலும் மார்கோ கெக்கெட்டோ. பழைய ஸ்பைடர்மேன் கதையை மாற்றி எழுதும் இதில் நாயகன் பீட்டர் பார்க்கருக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. மனைவி எம்ஜே, இரண்டு பிள்ளைகள். பழைய கதையில் இறந்துபோகும் பென் சித்தப்பா இங்கே உயிரோடு இருக்கிறார், பத்திரிகை நடத்துகிறார்! சிலந்தி கடிக்க வேண்டிய வயதில் கடிக்காமல் ஒருவன் தடுத்துவிட்டான். இப்போது குடும்பஸ்தனாக ஆன பிறகு அந்த வாய்ப்பு கைக்கு வருகிறது.

இதன் சூட்சுமம் காலத்தில் இருக்கிறது. நமக்கு ஒரு மாதம் போனால் கதையிலும் ஒரு மாதம் போகிறது. அதனால் இதழுக்கு இதழ் உள்ள இடைவெளி கதையின் பகுதியாகிவிடுகிறது. நான்காம் இதழில் இரண்டு தம்பதிகள் உணவகத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். கிட்டத்தட்ட இதழ் முழுவதும் பேச்சுதான், சண்டை இல்லை. பலர் திட்டினார்கள். எனக்கு அதுதான் தொடரின் உச்சம். நண்பர்கள் ஒருவருக்கொருவர் மறைப்பதை நாம் மட்டும் அறிந்திருக்கும் பதற்றம் எந்தக் குத்துச்சண்டையிலும் கிடைக்காது.

இரண்டாம் ஆண்டில் அதே உத்தி காலை வாரிவிட்டது. பெரிய சம்பவங்கள் இதழ்களுக்கு நடுவில், நம் கண்ணுக்கு மறைவாக நடந்துவிடுகின்றன. கதாபாத்திரங்கள் வந்து ‘இப்படி ஆயிற்று’ என்று சொல்லிப் போகிறார்கள். முதல் 12 இதழ்களைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். மற்றதைச் செயலியில் பார்த்துக்கொள்ளலாம்.

[திரையில்: அப்சல்யூட் பேட்மேன், அக்டோபர் 2024]

பழைய நாயகர்களின் கதையை அடியோடு மாற்றி எழுதும் டிசியின் அப்சல்யூட் வரிசைக்கு வருவோம். ஸ்காட் ஸ்னைடர் எழுத, நிக் டிராகாட்டா வரையும் பேட்மேனிடம் மாளிகை இல்லை, சொத்து இல்லை. அப்பா பள்ளி ஆசிரியர். மிருகக்காட்சி சாலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இறந்துபோனார். அம்மா இருக்கிறார். பேட்மேனாகும் புரூஸ் ஒரு பொறியாளன். மார்பில் இருக்கும் அந்தப் பெரிய வௌவால் சின்னத்தைக் கழற்றிக் கோடரியாக வீசுகிறான்! படிக்கும்போது சிரிப்பு வரும், ஆனால் டிராகாட்டா வரைந்த வேகத்தில் நம்பிவிடுவீர்கள். ஒவ்வொரு இதழிலும் மறக்க முடியாத ஒரு பக்கமாவது இருக்கிறது. தனி இதழாக வாங்கத் தகுந்தது.

அப்சல்யூட் வொண்டர் வுமன் இன்னும் கச்சிதம். எழுத்து கெல்லி தாம்சன், ஓவியம் ஹேடன் ஷெர்மன். வொண்டர் வுமனான டயானாவை நரகத்தில் வைத்துச் சூனியக்காரி சர்சி வளர்க்கிறாள். அத்தனை கொடூரத்துக்கு நடுவே வளர்ந்தவள் இவ்வளவு அன்பானவளாக இருப்பதுதான் ஆச்சரியம். பக்கங்களின் வடிவமைப்புக்காகவே பெரிய அளவு ஆல்பத்தில் பார்க்க ஆசை. இதற்குக் காத்திருப்பேன்.

அப்சல்யூட் சூப்பர்மேனைப் பற்றி ஊரில் குறைவாகவே பேசுகிறோம், அது நியாயமில்லை. ஜேசன் ஆரன் எழுதும் இந்தக் கதையில் கல்-எல், அதாவது சூப்பர்மேன், தன் சொந்தக் கிரகமான கிரிப்டானின் உழைக்கும் வர்க்கத்துக் குடும்பத்தில் பிறந்தவன். பூமிக்கு வந்ததும் முதல் இதழிலேயே பிரேசிலில் சுரங்கத் தொழிலாளர்களைச் சுரண்டும் நிறுவனத்தோடு மோதுகிறான். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்து ஆப்ரவாசி காட் படிகளில் ஏறியவர்களின் வாரிசுகள் நாம். மெட்ரோபோலிஸில் பத்திரிகை ஆபீஸ் வேலை பார்த்த பழைய சூப்பர்மேன் கிளார்க் கென்ட்டைவிட இவன் எனக்கு நெருக்கமானவன். குறை என்னவென்றால் கதை முன்னும் பின்னும் தாவிக்கொண்டே இருக்கிறது. மாதம் ஒன்று படித்தால் நூல் அறுந்துவிடும். தொகுப்பாகப் படியுங்கள்.

அப்புறம் அப்சல்யூட் மார்ஷியன் மேன்ஹண்டர். 2025 மார்ச்சில் தொடங்கியது. டெனிஸ் காம்ப் எழுத்து, ஹவியர் ரோட்ரிகஸ் ஓவியம். குண்டுவெடிப்பில் தப்பிய எஃப்பிஐ அதிகாரியின் மூளைக்குள் ஒரு செவ்வாய்வாசி புகுந்துகொள்கிறது. அதன்பின் மற்றவர் மனதில் ஓடுவதெல்லாம் அவர் கண்ணுக்கு வண்ணப் புகையாகத் தெரிகிறது. இப்போது வரும் மாத இதழ்களில் எனக்கு முதலிடம் இதற்குத்தான். ஒரு முறை படித்தால் கதை புரியும், இரண்டாம் முறை வண்ணம் புரியும். 230 ரூபாய் கொடுத்த வலியே தெரியாது.

[திரையில்: வரிசையாகப் பேட்மேன் அட்டைகள்]

வழக்கமான பேட்மேன்? ஜெஃப் லோப், ஜிம் லீ கூட்டணியில் ஹஷ் என்ற வில்லன் வரும் இரண்டாவது கதை 2025இல் தொடங்கித் தாமதத்தில் மாட்டிக்கொண்டது. அது முடியும் முன்பே செப்டம்பரில் மேட் ஃபிராக்‌ஷன், ஹோர்ஹே ஹிமெனெஸ் கைவண்ணத்தில் புதிய முதல் இதழ் வந்துவிட்டது. நல்லவேளை. ஃபிராக்‌ஷன் இதழுக்கு ஒரு கதையை முடித்துக்கொண்டு நகர்கிறார். மாயாவி ரசிகர்களுக்குப் பிடிக்கும்.

வில்லன் டாக்டர் டூம் உலகையே ஆளும் மார்வெலின் ‘ஒன் வேர்ல்ட் அண்டர் டூம்’ பற்றி ஒரு வரி போதும்: மூலத் தொடர் சரி, அதைச் சுற்றி வந்த துணை இதழ்கள் எல்லாம் காசுக்குக் கேடு.

கடைசியாக, மார்வெலின் வாயாடி நாயகன் டெட்பூலும் டிசியின் பேட்மேனும் சந்திக்கும் கதைகள். மார்வெலும் டிசியும் 20 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி விட்டுச் சேர்ந்து போட்ட இரண்டு தனி இதழ்கள் இவை. செப்டம்பர் 2025இல் மார்வெல் வெளியிட்டதை ஸெப் வெல்ஸ் எழுத, கிரெக் கபுல்லோ வரைந்தார். நவம்பரில் டிசி வெளியிட்டதை கிராண்ட் மாரிசன் எழுத, டான் மோரா வரைந்தார். இரண்டிலுமே முக்கியக் கதை ஒரே இதழில் முடிகிறது, பின்னால் குட்டிக் கதைகள் வேறு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் டான் மோராவின் இதழை எடுங்கள். மாரிசனின் கிறுக்குத்தனத்துக்கு ஈடு கொடுக்கும் கை அவருடையது.