அடுத்தவர் காப்புரிமை, நம்ம பட்டறைக்கு எப்படி உதவும்?

(காட்சி: பத்தமடையில் கோரை கீறும் கைகள்)

வணக்கம். பத்தமடைப் பாய்க்குக் கோரையை மெல்லிசாகக் கீற வேண்டும். அதற்கு ஒரு மெஷின் செய்ய, நெல்லை பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் நினைக்கிறார் என்று வையுங்கள். இரும்பு வாங்குமுன் அவர் செய்ய வேண்டியது, மூங்கில், பிரம்பு, நாணல் கீறும் மெஷின்களுக்கு யார் யார் காப்புரிமை (பேட்டன்ட்) எடுத்திருக்கிறார்கள் என்று தேடிப் படிப்பது.

(திரையில்: காப்புரிமைத் தேடல் பக்கம்)

இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தளத்திலும் கூகுள் பேட்டன்ட்ஸிலும் இலவசமாகவே தேடலாம். செய்முறையை ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தால்தான், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு தனியுரிமை கிடைக்கும். அதனால் எந்த உறுப்பு எப்படி வேலை செய்கிறது என்பதெல்லாம் படத்தோடு இருக்கும். படித்து யோசனை எடுக்க யாருடைய அனுமதியும் வேண்டாம்.

கடைசியில் ‘கோரிக்கைகள்’ என்று ஒரு பகுதி வரும். அதை நிதானமாகப் படியுங்கள். உரிமையின் எல்லை அந்த வரிகளில்தான் இருக்கிறது. அங்கே சொன்ன உறுப்புகளில் ஏதாவது ஒன்று விடுபட்டு, அதற்கு ஈடானதும் உங்கள் மெஷினில் இல்லையென்றால், பெரும்பாலும் அந்தக் காப்புரிமை உங்களைக் கட்டுப்படுத்தாது. தலைப்பை மட்டும் பார்த்துப் பயந்து நல்ல வேலையைக் கைவிடுகிறார்களே, அதுதான் எனக்கு வருத்தம்.

அப்புறம், அது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாம் ஆண்டிலிருந்து புதுப்பிப்புக் கட்டணம் கட்டாவிட்டால் காலாவதியாகிவிடும். ஆனால் 18 மாதத்துக்குள் மீட்கக் கேட்கலாம். அந்தக் கெடுவும் தாண்டியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் மட்டும் எடுத்த காப்புரிமை நெல்லையில் செல்லாது. மெஷினை ஜப்பானுக்கு அனுப்பினால்தான் சிக்கல்.

சரி, உயிரோடு இருக்கிறது, அதேதான் வேண்டும் என்றால்? காப்புரிமையையே விலைக்கு வாங்கலாம், உரிமமும் (பயன்படுத்த மட்டும் அனுமதி) கேட்கலாம். சிறு பட்டறைக்கு உரிமமே நல்லது என்பேன்; முழுசாக வாங்கினால் புதுப்பிப்புச் செலவும் உங்கள் தலையில்தான். முன்பணம், மெஷினுக்கு இவ்வளவு ராயல்டி, எத்தனை ஆண்டு, வேறு யாருக்கும் கொடுப்பார்களா, எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சு சட்டப்படி செல்லாது. ஒப்பந்தத்தைக் காப்புரிமை அலுவலகப் பதிவேட்டிலும் ஏற்றிவிடுங்கள்.

பாய் நெய்யும் மரபு முறைக்கு எவரும் காப்புரிமை கோர முடியாது. 1970 காப்புரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு அதைத் தடுக்கிறது. உங்கள் மெஷினில் நீங்களே புதுசாக ஏதாவது கண்டுபிடித்தால், அதை யூடியூபில் காட்டுமுன் தற்காலிக விண்ணப்பம் போடுங்கள். முழு விவரம் கொடுக்க 12 மாதம் கிடைக்கும்.