போட் மெயில் காலத்துக் காதல் கதை எழுதுவோருக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய காலத்தில் நடக்கும் காதல் கதைகளுக்குத் தமிழில் இன்றும் நல்ல வாசகர் கூட்டம் இருக்கிறது. அவற்றை எழுதுகிறவர்களில் பலர், பதிப்பகத்தை எதிர்பார்க்காமல் தாங்களே அச்சுப் புத்தகமாகவும் மின்னூலாகவும் கொண்டுவருகிறார்கள். இராமநாதபுரக் கடற்கரையை வைத்து அப்படி எழுத உட்காருகிறவர்களுக்கான பேச்சு இது.

முதல் வேலை, கதை நடக்கும் ஆண்டை முடிவு செய்வது. 'ஐம்பதுகளில் ஒரு நாள்' என்று தொடங்கினால் போதாது. 1956-ஆ, 1958-ஆ என்று தெரிந்தாக வேண்டும். கிராமபோனையும் ரெட்டை ஜடையையும் எத்தனை பக்கம் வர்ணித்தாலும், அதே கதை இன்றைக்கும் அப்படியே நடக்க முடியும் என்றால், அந்தக் காலத்துக்குக் கதையில் வேலையே இல்லை. காதலர்களைச் சேர விடாமல் தடுப்பதும், எதிர்பாராமல் சேர்த்துவைப்பதும் அந்த ஆண்டின் ரயிலும் தபாலும் காசும் காற்றுமாக இருக்க வேண்டும்.

நம் கரையில் இதற்குப் பஞ்சமில்லை. பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரியில் திறந்தது. சாலைப் பாலம் வந்தது 1988 அக்டோபரில். இடைப்பட்ட எழுபத்து நான்கு வருஷம் ராமேஸ்வரம் தீவுக்குப் போக ரயில், இல்லையென்றால் படகு. 1960-ல் நடக்கும் கதையில் கதாநாயகன் மதுரையிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு நேராக ராமேஸ்வரம் கோயில் வாசலில் போய் இறங்கினால், உள்ளூர் வாசகர் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார். இக்கரையில் மண்டபம் ஊரில் காரை நிறுத்தி, ரயிலுக்குக் காத்திருக்க வையுங்கள். அந்தக் காத்திருப்பிலேயே ஓர் அத்தியாயம் கிடைக்கும்.

போட் மெயிலும் அப்படித்தான். எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலோடு தனுஷ்கோடித் துறை போய்விட்டது. பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து போனது. ஆகவே 1966-ல் தனுஷ்கோடித் துறையில் நின்று கையசைத்து வழியனுப்பும் காட்சிக்கு இடமே கிடையாது.

அந்தப் புயல் இரவைப் பலரும் 'அமாவாசை இருட்டு' என்று எழுதிவிடத் துணிவார்கள். பஞ்சாங்கத்தைப் பாருங்கள்: 19-ஆம் தேதி பௌர்ணமி, 22 செவ்வாய்க்கிழமை. இருட்டு வேண்டுமென்றால் அதை மழை மேகம் கொடுக்கட்டும். கதை நடக்கும் ஆண்டின் பஞ்சாங்கம் எழுதும் மேஜையில் எப்போதும் இருக்க வேண்டும்.

காசைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்குள் காட்சியே இருக்கிறது. 1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வந்தது. அதற்கு முன் ரூபாய்க்குப் பதினாறு அணா. வந்த பிறகும் சில வருஷம் இரண்டும் சேர்ந்தே புழங்கின. மாற்றுக் கணக்கில் ஓரணாவுக்கு 6 நயா பைசா, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. ஓரணாச் சாமானைத் தனித்தனியாக மூன்று முறை வாங்கினால் 18, மூன்றையும் ஒன்றாக வாங்கினால் 19. பாம்பன் கடைத்தெருவில் பூ வாங்க வந்த பெண் அந்த ஒரு பைசாவுக்காகக் கடைக்காரரோடு மல்லுக்கு நிற்க, பக்கத்தில் நிற்கிற கணக்குப்பிள்ளையின் மகன் அவள் கணக்கே சரி என்று சொல்லட்டும். முதல் சந்திப்பு முடிந்தது. 1956-ல் இந்தக் காட்சி நடக்காது, 1970-லும் நடக்காது. இதைத்தான் காலத்துக்கு வேலை கொடுப்பது என்கிறேன்.

கடிதத்துக்கும் இதே கணக்கு. இன்லண்டு லெட்டர் 1950-ல் வந்தது; 1945-ல் யாரும் அதை மடித்து ஒட்டியிருக்க முடியாது. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு. தந்தியில் காதல் சொல்ல வைக்கிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. தந்தி குமாஸ்தா அதைப் படிப்பார், வாசலில் வாங்குகிற பெரியவர் பிரிப்பார். தந்தி என்றாலே வீட்டில் அழுகைதான் முதலில் வரும். ரகசியம் அம்பலமாக வேண்டிய இடத்தில் மட்டும் தந்தியைப் பயன்படுத்துங்கள்.

காற்று. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வடகிழக்கு வாடை தொடங்கினால் நிலைமை தலைகீழ். ஆடி மாத மாலையில் தென்கடல் ஓரம் அலையே இல்லாமல் காதலர்கள் உட்கார்ந்திருந்தால் மீனவர் வீட்டு வாசகர் நம்பமாட்டார். மீன்பிடித் தடைக்காலமும் அந்தக் காலக் கதைக்குள் வரக் கூடாது. அது இந்த நூற்றாண்டில் வந்தது.

இவற்றையெல்லாம் நினைவில் வைத்து எழுத முடியாது. ஒரு நோட்டில் மூன்று நெடுவரிசை போடுங்கள்: தேதியும் கிழமையும், கதையில் நடப்பது, அன்றைக்கு ஊரில் இருந்த நிலை. அத்தியாயம் முடிந்தவுடன் நிரப்ப வேண்டும். கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்று விட்டால், கர்ப்பம் பதினோரு மாதம் ஓடியிருப்பது அச்சான பிறகுதான் தெரியவரும். பதிப்பாசிரியர் இல்லாமல் வெளியிடுகிறவருக்கு இந்த நோட்டுதான் பதிப்பாசிரியர். பழைய பத்திரிகைகளுக்குச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அங்கே கதைப் பக்கங்களைவிட விளம்பரப் பக்கங்களைப் பாருங்கள். சோப்பு, புடவை, கைக்கடிகாரம் எல்லாம் பெயரோடு, சில இடங்களில் விலையோடும் கிடைக்கும்.

சினிமாப் பாட்டு வரிகளைக் கதையில் எடுத்துப் போடாதீர்கள். பாடலாசிரியர் காலமாகி 60 ஆண்டு ஆகும்வரை உரிமை உண்டு. ரேடியோ சிலோனில் பாட்டு ஒலித்தது, அவள் அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்டாள் என்று எழுதினால் போதும்.

இனி அச்சு. டெமி என்கிற புத்தக அளவில், 11 புள்ளி எழுத்தில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 225 சொல் பிடிக்கும். 45,000 சொல் நாவல் 200 பக்கம் வரும். ஒரு பாரம், அதாவது சேர்த்து அச்சாகும் பக்கத் தொகுதி, 16 பக்கம் என்பதால் முன்பக்கங்களையும் சேர்த்து 208-ல், அதாவது 13 பாரத்தில், முடித்துவிடுங்கள். 211 பக்கம் என்று விட்டால் மூன்று பக்கத்துக்காக இன்னொரு பாரத்துக்குக் காசு போகும். கைப்பிரதியை யூனிகோடில் அடித்துக் கொடுங்கள். அச்சகத்தில் பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் ஒகர, ஓகார எழுத்துகள் உடையும், 'ஸ்ரீ' சிதறும். மாற்றிய பிறகு ஒருமுறை முழு மெய்ப்பு பார்க்காமல் விடக் கூடாது. இன்டிசைன் மென்பொருளில் வடிவமைத்தால் இந்திய மொழிகளுக்கான பத்தி அமைப்பைத் தேர்ந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும்.

புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு இந்தியாவில் கட்டணம் கிடையாது. ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையிடம் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அச்சுக்கு ஓர் எண், மின்னூலுக்கு வேறோர் எண். அட்டை அச்சேறும் முன்பே எண் கையில் இருக்க வேண்டும். பிறகு ஸ்டிக்கர் ஒட்டினால் கடைக்காரர் முகம் சுளிப்பார்.

நீங்களே பதிப்பாளர் என்றால் 1954-ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். புத்தகம் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உட்பட மற்ற மூன்று பொது நூலகங்களுக்கும் தலா ஒரு பிரதியை உங்கள் செலவில் அனுப்ப வேண்டும். அந்த நான்கு பிரதிகளை விற்பனைக் கணக்கிலிருந்து முதலிலேயே கழித்துத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.