வாசலோரத்து நாற்காலி

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் வாசகர் வட்டத்தில் எப்போதும் ஒரு நாற்காலி கூடுதலாகக் கிடக்கும். பதினைந்து பேர் வருவோம் என்றால் பதினாறு நாற்காலி. அந்த ஒன்று மட்டும் வட்டத்தை விட்டுச் சற்றுத் தள்ளி, வாசலை ஒட்டி இருக்கும். யாருக்கு என்று கேட்டால், "படிக்காமல் வருகிறவருக்கு" என்பார் நூலகர். நாங்கள் அவரை லைப்ரரி அம்மா என்றுதான் கூப்பிடுவோம். அவர் இப்போது இல்லை. அவரைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். அந்த நாற்காலியில் அதிக நாள் உட்கார்ந்தவன் என்ற ஒரே தகுதி எனக்கு உண்டு.

மாதம் ஒரு புத்தகம். எல்லோரும் அதையே படித்துவிட்டு வந்து பேச வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான். வந்தவர்களிடம் "படித்தீர்களா?" என்று அவர் கேட்டதே இல்லை. "எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள்?" என்பார். என் முதல் கூட்டத்தில் வாய்க்கு வந்தபடி 32 என்று சொல்லிவைத்தேன். புத்தகத்தை நான் திறக்கவேயில்லை. "அப்படியா? அந்தக் கதவு தட்டும் இடம் இன்னும் வரவில்லை போலிருக்கிறது. சரி, வந்ததும் சொல்லுங்கள்" என்றார். யார் கதவைத் தட்டுகிறார்கள் என்று பார்க்கத்தான் அன்று இரவு உட்கார்ந்தேன். கதவு 12ஆம் பக்கத்திலேயே தட்டப்பட்டுவிடுகிறது! அதாவது, என் பொய் அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. அதைப் பற்றி ஒரு நாளும் அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை.

நூலகவியல் படித்தவர்கள் எல்லோருக்கும் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகள் மனப்பாடம். நூல்கள் பயன்படுத்துவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தை வீணாக்காதே, நூலகம் வளரும் உயிர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து நூலகர் ஆனவர். அதனாலோ என்னவோ, ஐந்தும் சூத்திரம் போலச் சுருக்கமாக இருக்கும். லைப்ரரி அம்மாவுக்கு மூன்றாவது விதிமேல்தான் தனிப் பிரியம். சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் அலமாரிகளுக்கு நடுவே போய் ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, பின்னட்டையின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பார்ப்பார். பல வருடமாக முத்திரையே விழாத சீட்டு கண்ணில் பட்டால் அந்தப் புத்தகம் அவருடைய மேஜைக்கு வந்துவிடும். "இதற்கு ஓர் ஆள் பார்க்கணும்" என்பார், வீட்டில் வரன் பார்ப்பதைப் போல. அப்படி என் தலையில் கட்டப்பட்டதுதான் கடற்சிப்பிகளைப் பற்றிய ஒரு தடித்த புத்தகம். இரண்டு முறை படித்துவிட்டேன்.

ஓர் ஊரே சேர்ந்து ஒரே புத்தகத்தைப் படிப்பது என்ற யோசனையை 1998இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பொது நூலகத்தில் தொடங்கியவர் நான்சி பேர்ல் என்ற நூலகர். பிறகு அது சிகாகோ போன்ற பெரிய நகரங்களுக்கும் பரவியது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. நடத்திப் பார்த்தால்தான் பாடு தெரியும். ஒரே புத்தகத்தில் பதினைந்து பிரதி எந்த நூலகத்தில் இருக்கும்? வேறு கிளைகளிடம் கேட்டு வாங்க வேண்டும். மாத முடிவில் எண் பார்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒன்று தொலைந்தாலும் நூலகர்தான் பதில் சொல்ல வேண்டும். கண் தெரியாதவருக்கு யாராவது வாசித்துக்காட்ட வேண்டும். அதற்கும் அவர் இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுவார். அதில் ஒரு ஜோடிக்கு ஒருவரையொருவர் சுத்தமாகப் பிடிக்காது. ஆனாலும் வாசிப்பு ஒரு வாரம்கூட நின்றதில்லை.

எந்தப் புத்தகத்தை எடுப்பது என்பதில் அவர் கணக்கே வேறு. எல்லோரும் நல்ல புத்தகம் என்று ஒப்புக்கொள்வதை எடுக்க மாட்டார். "பத்து நிமிஷத்தில் பாராட்டு முடிந்துவிடும், அப்புறம் என்ன செய்வது?" என்பார். இரண்டு பேராவது எரிச்சலோடு வரவேண்டும் அவருக்கு. கவிதை மட்டும் அவருக்கு ஒத்துவராது. அந்த விஷயத்தில் அவர் பிடிவாதம் தவறு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். எத்தனையோ முறை கேட்டும் ஒரே ஒரு கவிதைத் தொகுப்பைத்தான் அனுமதித்தார். அன்றைக்கும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சொற்பொழிவு ஆற்றுகிறவர்களை அடக்க அவரிடம் ஒரே ஆயுதம்தான். ஒருவர் எழுந்து சமுதாயம், மானுடம், விழுமியம் என்று ஆரம்பிப்பார். அம்மா குனிந்து புத்தகத்தைப் புரட்டியபடி, "அது எந்தப் பக்கம்?" என்பார். அவ்வளவுதான், பேசுகிறவர் உட்கார்ந்துவிடுவார்.

மேலிடத்துக்கு ஒவ்வொரு மாதமும் அறிக்கை போகும். வந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் அதில் உண்டு. மூலையில் செய்தித்தாளோடு தூங்கிக்கொண்டிருப்பவரையும் சேர்த்தே எண்ணுவார். "கூட்டத்தில்தானே தூங்குகிறார்" என்று சமாதானம் சொல்வார்.

கடைசியாக அவர் கலந்துகொண்ட கூட்டத்துக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தார். பார்வை அதற்குள் வெகுவாக மங்கியிருந்தது. வழக்கமான இடத்துக்கு வராமல் வாசலோரத்து நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். யாருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. கடைசியில் நான்தான், "எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள், அம்மா?" என்றேன்.

"6" என்றார்.

அவருக்கு உதவுவதாக நினைத்து ஒரு நண்பர் கதையைச் சுருக்கிச் சொல்ல ஆரம்பித்தார். இரண்டு வாக்கியம் போயிருக்கும். அம்மா அவர் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அது எந்தப் பக்கம்?"

நண்பர் நிறுத்திவிட்டு, புத்தகத்தை எடுத்து 7ஆம் பக்கத்திலிருந்து உரக்கப் படிக்கத் தொடங்கினார்.